கழுவச் சொன்னது நீதான்

அக்கா,

பாட்டிலில் மிச்சமிருந்த அமோனியாவைக் கொட்டிவிடலாம் என்று இன்று காலை அதன் மூடியைத் திருகினேன். நெடி சுருக்கென்று மூக்கில் ஏறி, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பின்னால் வந்த என் வீட்டுக்காரர், "என்ன, அக்கா ஞாபகமா?" என்று கேட்டார். உன் ஞாபகம் வந்தது நிஜம். கண்ணீருக்குக் காரணம் நெடிதான். உனக்காக அழ வேண்டியதை எல்லாம் நீ உயிரோடு இருந்தபோதே அழுது தீர்த்துவிட்டேன்.

மார்க்கையன்கோட்டை வீட்டின் முன்னறையில் ஆறடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறேன். நீ இருந்தவரை ஒரு சின்னக் குடுவையில்கூட மீன் வளர்க்க எனக்கு மனசு வரவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து, அதைப் பார்த்து, "இப்பவும் மருந்து ஊத்துறியா?" என்று சிரிப்பார்களோ என்று பயம். நீ போன பிறகுதான் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேனி கடைவீதியில் அப்பாவின் ஜவுளிக்கடையை இடித்து நீ மாடி வைத்துக் கட்டிய வருஷம். வாசலில் பெரிய மீன்தொட்டி வேண்டும், சேலை எடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுவிட வேண்டும் என்று உனக்கு ஆசை. நல்ல ஆசைதான். எனக்குப் போன் செய்தாய். "விலங்கியல் படிச்சவ நீதானடி. வந்து வச்சுக் குடு."

பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்ததும் பஸ் பிடித்துத் தேனிக்கு வருவேன். நகராட்சித் தண்ணீரில் குளோரின் போகட்டும் என்று டிரம்களில் பிடித்து வைத்து, பிறகு தொட்டியை நிரப்பினேன். ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் பீங்கான் வளையங்களும் அடுக்கி மோட்டாரை ஓட விட்டேன். மீன் எங்கே என்று நீ கேட்டபோது உட்காரவைத்து விளக்கினேன். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே விஷம். அதைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் முதலில் அந்த வளையங்களில் குடியேற வேண்டும். அவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். பிறகு வேறொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் தாங்கிக்கொள்ளும். இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனுக்குப் பதிலாக நாமே கொஞ்சம் கொஞ்சமாக அமோனியா விட்டு அந்த உயிர்களை வளர்க்க வேண்டும்.

"தண்ணிக்குச் சோறு போடுறங்குற," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்குப் புரிந்துவிட்டது என்று நம்பினேன். உண்மையிலேயே புரிந்துதான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. கண்ணாடியில் பழுப்புப் படலம் படர்ந்தது. சோதனைக் குழாயில் அமோனியா குறைந்துகொண்டே வந்தது. நைட்ரைட் மட்டும் இன்னும் இறங்காமல் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. எல்லாம் சரியாகப் போகிறது, இன்னும் சில நாள்தான் என்றேன். நீயோ திறப்பு விழா நாளை முன்னுக்குத் தள்ளிவிட்டாய். எனக்குச் சொல்லவில்லை.

விழாவன்று காலை கேள்விப்பட்டு வந்து பார்த்தால் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. ஃபில்டரைத் திறந்தேன். வளையங்கள் புதுசுபோல் வெள்ளை வெளேரென்று கிடந்தன. சோப்புத்தூள் வாசம் அடித்தது. கடையில் சேலை மடிக்கிற செல்வியைக் கேட்டேன். "அக்காதான் எல்லாத்தையும் கழுவச் சொன்னாக. வாடை அடிக்குதுன்னாக," என்றாள்.

ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். "இன்னைக்கு மீன் விடாதக்கா. அம்புட்டும் செத்துரும்."

"போதகர் வந்துட்டாரு, மதுரையில இருந்து மீன் வந்துருச்சு. வந்தவுக முன்னாடி வெறுந் தண்ணியவா காட்டச் சொல்ற? பாடமெல்லாம் பள்ளிக்கூடத்துல நடத்து."

மீன்களை விட்டாய். கைதட்டினார்கள். அன்றைக்கு அவை அழகாகத்தான் இருந்தன.

இரண்டொரு நாளில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன. நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். சேலை நனைந்து காலில் ஒட்ட ஒட்ட மாற்றினேன். ஒன்றும் பிழைக்கவில்லை. கடை நிறைய ஆட்கள். அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராயப்பன்பட்டியிலிருந்து அத்தான் வீட்டுச் சொந்தங்கள் துணி எடுக்க வந்திருந்தார்கள். அப்போதுதான் நீ தொட்டிக்குக் கீழே நான் வைத்திருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து எல்லோர் மூக்குக்கும் நீட்டினாய்.

"மோந்து பாருங்க. இதத்தான் தண்ணியில ஊத்தியிருக்கா. கடை எனக்கு வந்ததுல இவளுக்கு வயித்தெரிச்சல்."

ஒவ்வொருவராக முகர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். அம்மாவும் முகர்ந்தாள். இருமினாள். நுண்ணுயிர், வளையம், சோப்பு என்று நான் என்னென்னவோ சொன்னேன். மூக்கு எரிகிறவர்களிடம் அது எடுபடுமா? செல்வியைப் பார்த்தேன். அவள் உன்னைப் பார்த்துவிட்டுச் சேலை மடிக்கப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சம்பளம் கொடுப்பவள் நீ.

அதற்குப் பிறகு உன் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. அம்மாவை மட்டும் போய்ப் பார்ப்பேன். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபடி என் விரலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஏத்தா, வாயில்லாத சீவனுக்கு ஏன் அப்படிச் செஞ்ச?" நான் செய்யவில்லை என்றேன். "சரித்தா, சரித்தா," என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல. நம்பவில்லை. நம்பாமலே போய்விட்டாள்.

பிறகு நீ படுத்தாய். அத்தான் வந்து கெஞ்சியதால் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வெயில் ஜன்னல் வழியாக உன் கால்மேல் விழுந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நீயாகத்தான் சொன்னாய். "நான் கழுவச் சொன்னதாலதான் செத்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கப்புறம் கடையில என் பேச்சு எடுபடுமா?"

அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. தலையணையைச் சரிசெய்யச் சொன்னாய். சரிசெய்தேன்.

உன் அடக்க ஆராதனையில் பேசியவர்கள் எல்லாம், பொய் பேசத் தெரியாதவள் என்று உன்னைப் புகழ்ந்தார்கள். பூக்களுக்கு நடுவே நீ அதை ஒப்புக்கொண்டதுபோலக் கிடந்தாய்.

உன் மகள் பியூலா எப்போதாவது என்னைப் பார்க்க வருவாள். போன தடவை வந்தபோது என் தொட்டியில் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. நான் அமோனியா விட்டுக்கொண்டிருந்தேன். பாட்டிலைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "சித்தி, இதத்தான அன்னைக்கும் ஊத்துனீக?"

சொல்லிவிட்டேன். சோப்புத்தூளைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீ சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இறந்தவளைப் பற்றி அவள் பிள்ளையிடமே பேசலாமா என்று வீட்டுக்காரர் பிறகு கடிந்துகொண்டார். அம்மா என்னை அப்படிக் கேட்டபோது படுக்கை அருகே அவர் இல்லை.

"அம்மா அப்படிச் செஞ்சிருக்க மாட்டாக," என்றாள் பியூலா. காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டாள்.

வாரங்கள் போயின. நைட்ரைட்டும் இறங்கி, குழாயில் வெளிர்நீலம் தெளிந்தது. மீன் விடுகிற நாளில் பியூலா கூப்பிடாமலே வந்து நின்றாள். செல்வியைத் தேடிப் போயிருக்கிறாள். இப்போது கோம்பையில் பிள்ளைகுட்டியோடு இருக்கும் செல்வி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் என்னிடம் சொன்னாள். மீன் பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மீன்கள் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

நேற்று ஆலயத்தில் என் பக்கத்தில்தான் நின்றாள். எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும், வழக்கம்போல என் வாய் மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். உன் மகளின் வாயும் மூடியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைப்பாய். இல்லை. இந்த வயதில் அவளுக்கு மன்னிக்க முடியாத இந்த மனசு வர வேண்டியதில்லை. உன்மேல் நான் வைத்திருக்கும் கோபத்தில் இப்போது அவளுக்காகப் படுகிற கோபமும் சேர்ந்துவிட்டது.