மணமகனுக்கு நீங்கள் என்ன உறவு?

அனுப்புநர்:
ம. செபஸ்தியான் (வயது 69),
போர்வெல் ரிக் வண்டி ஓட்டுநர் (ஓய்வு),
மாதா கோயில் தெரு,
கல்லாங்காட்டுப்புதூர், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
கல்லாங்காட்டுப்புதூர்.

பொருள்: சமுதாயக் கூடம் முன்பதிவு – இணையப் படிவத்தின் உறவுப் பட்டியலில் மாப்பிள்ளைக்கே இடமில்லாதது – சேர்த்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வருகிற மே 21, புதன்கிழமை எனக்குக் கல்யாணம். சிரித்தாலும் பரவாயில்லை, நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1. பெண் இன்னாசிமேரி, வயது 63. அவரும் துணையை இழந்தவர், நானும் அப்படியே. கோயிலில் ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. தடை சொல்ல ஒருவரும் எழவில்லை. தடை சொன்னது தங்கள் கம்ப்யூட்டர் மட்டுமே.

2. கூடத்தை இணையத்தில்தான் பதிய வேண்டுமாம். படிவத்தில் 'மணமகனுக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு?' என்று ஒரு பெட்டி. அழுத்தினால் கீழே விரிகிறது: தந்தை, தாய், சகோதரர், தாய்மாமன். எனக்கு இந்த நால்வரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். 'நானே' என்று எழுதலாம் என்றால் பெட்டி எழுத்தை வாங்காது.

3. 'தந்தை' என்று அழுத்தினேன். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பிறந்த தேதி இருக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் திட்டியது. தாய்க்குப் பிறந்த தேதி கேட்கவில்லை, எனவே தாயானேன். உடனே என் செல்போனுக்கு, 'செபஸ்தியான் அவர்களின் தாயாருக்கு வணக்கம்' என்று செய்தி வந்தது. அதைக் காட்டியது என் தப்பு. அன்றிலிருந்து இன்னாசிமேரி போன் போட்டு, "ஏனுங்க மாமியாரே, காப்பி குடிச்சீங்களா? உங்க பையன் எந்திரிச்சுட்டாருங்களா?" என்கிறார். மறுநாள், தாயாரின் ஆதார் பொருந்தவில்லை என்று தள்ளுபடி.

4. இ-சேவை மையத்து மஞ்சுளா வேறு தேதி போட்டார், வேறு கம்ப்யூட்டரில் திறந்தார், பழையதை அழித்துப் பார்த்தார். அதே நாலு பேர். "தாத்தா, இந்தப் பட்டியல் இங்க இல்லீங்க. ஆபீசு டேட்டாபேஸ்ல இருந்து வருது. அங்க ஒரு வரி சேத்தாத்தான் இங்க தெரியும்" என்றார். போர்வெல்லில் தண்ணீர் இல்லாமல் குழாயைத் திருகி என்ன பயன் என்று எனக்கு விளங்கிவிட்டது. "தாத்தாங்காத சாமி, மாப்பிள்ளைன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

5. பிள்ளைகள், "ஊட்டோட பத்துப் பேரை வெச்சு முடிச்சுக்கலாமுங்கப்பா" என்கிறார்கள். இன்னாசிமேரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒளிஞ்சு கட்டிக்க நாம என்ன தப்புப் பண்ணிட்டோமுங்க? ரேடியோ செட்டு கட்டி, ஊரைக் கூப்பிட்டு, பந்தி போட்டுக் கட்டிக்கோணும். இல்லாட்டி வேண்டாமுங்க" என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. கூடம் இல்லையென்றால் எனக்குக் கல்யாணம் இல்லை ஐயா.

ஆகவே, அந்த டேட்டாபேஸில் 'தானே' என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லி, வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிப்பதற்குள் கூடத்தை உறுதி செய்து தர மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். முடியாதென்றால், தங்கள் அலுவலக வாசலில் வண்டிகள் நிறுத்தும் கொட்டகை பந்திக்குப் போதும் என்று பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே கல்யாணம் செய்ய இணையத்தில் படிவம் தேடினோம், இல்லை. படிவமே இல்லாததற்கு அனுமதி எதற்கு என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அன்று மட்டும் அலுவலர்கள் வண்டியை வெளியே நிறுத்தினால் போதும். தாங்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும்.

இடம்: கல்லாங்காட்டுப்புதூர்
நாள்: 05.05.2025

இப்படிக்கு,
ம. செபஸ்தியான்
(மணமகன்)