சோடாபுட்டியின் பச்சைப் பகுதி

மார்ச் 4, செவ்வாய்

இன்று இருபத்து மூன்று வீடு. எங்கள் சுகாதாரக் குழுவிலேயே நான்தான் அதிகம். படியேறி முட்டி கழன்றுவிட்டது. பிரஷர், சுகர் பார்த்து டேப்லெட்டில் ஏற்றியதும், அளவு கூடுதலென்று செயலி என் பகுதியைச் சிவப்பால் நிரப்புகிறது. கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி, அந்தச் சோடாபுட்டியின் பகுதி மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்கும் ஜனத்துக்குச் சிவப்பு வராமல் என்ன வரும்? ஆனால் அவள் பகுதியும் அதே ஆலைக் குடியிருப்புதானே. எப்படிப் பச்சை?

இந்த மாதத்துக்குள் எங்களில் ஒருத்தியைக் குழுத் தலைவியாக்குவார்கள். அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

தன் தெருவைத் தானே பார்க்கக்கூடாது என்று விதி. அதனால் என் அம்மாவுக்குப் பார்ப்பவள் சோடாபுட்டி! அம்மா இப்போது தினமும் சாயங்காலம் தெருப் பெண்களோடு நடக்கிறாள். உப்பைக் குறைத்துவிட்டாளாம்.

"நான் ரெண்டு வருஷமா இதைத்தானே சொல்றேன்?"

"நீ எங்கடி சொன்ன? திட்டுன."

ஆத்திரத்தில் கையை இழுத்துப் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். 146. நேற்று அவள் பார்த்தது 128.

"ஒன்னைப் பாத்தாலே ஏறுது போல" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12

பொய் எழுதுகிறாள். வேறு வழியே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

எங்கள் மேற்பார்வையாளர் மேடத்திடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். "ஒரு நாளைக்குப் பதினோரு வீடுதான் போறா மேடம். ஆனா எல்லாம் பச்சை. உக்காந்த இடத்துல நம்பர் போடுறா."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. ரெண்டு பேர் பகுதியிலயும் அஞ்சஞ்சு வீட்டை நானே மறுபடி பாக்குறேன்."

ரெண்டு பேரா? நான் என்ன செய்தேன்?

மார்ச் 18, செவ்வாய்

அவளுடைய ஐந்தும் சரி. என்னுடைய ஐந்தில் நான்கு தப்பு. எல்லாமே பதினைந்து, இருபது கூடுதல்.

"நீ எப்படிப் பாக்குற? செஞ்சு காட்டு" என்று என் பகுதிக்கே கூட வந்தார் மேடம். நான்காவது மாடி இஸ்திரிக்கார அக்கா தண்ணீர்க் குடத்தோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். வாசலிலேயே நிறுத்திப் பட்டையைக் கட்டினேன். அது இறுகும்போதே செயலியின் கேள்விகளையும் கேட்டேன் — உப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு?

"ஏம்மா பேச வைக்குற?"

"நேரம் மிச்சம் மேடம்."

"அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு, வாயை மூடிப் பாக்கணும்னு பயிற்சியில சொல்லலையா?"

சொன்னார்கள். இருபது வீடு முடிக்கச் சொன்னதும் அவர்களேதான். அதை நான் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்கா சொன்னாள்: "போன மாசம் செவப்புச் சீட்டு வந்துச்சு. ஒரு நாள் வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரியில நின்னேன். ஒண்ணுமில்ல, போன்னுட்டாங்க." அவள் குரலில் கோபமே இல்லை.

முதலாளிகள் ஜனங்களின் நாளைத் திருடுகிறார்கள் என்று இந்த நோட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! சீட்டு அனுப்பியது செயலி. திருடினது யாரு? நான்தானே?

மார்ச் 21, வெள்ளி

சோடாபுட்டிதான் தலைவி. நேரே என்னிடம்தான் வந்தாள்.

"நீ என்னை மாட்டிவிடப் போனது தெரியும்டி. நல்லதாப் போச்சு. தினம் இருபது வீடுங்கிற கணக்கையே மேடம் நீக்கிட்டாங்க. இத்தனை நாளா அதை முடிக்கலைன்னு நான்தான் தினம் திட்டு வாங்கிட்டிருந்தேன். வா, உன் செவப்பு வீட்டையெல்லாம் ரெண்டு பேருமா மறுபடி பாப்போம்."

கோபப்படக்கூடத் தெரியவில்லை அவளுக்கு. அதிலும் என்னைத் தோற்கடிக்கிறாள்.

மார்ச் 25

இருவருமாக ஒன்பது வீடு. இரண்டு நிஜச் சிவப்பு. ஒருத்தி, மறைத்து வைத்திருந்த தலைசுற்றலைத் தானாகவே சொன்னாள்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிடம் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. சண்டை போடாமல் கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்தோம்?

128.

அம்மா எண்ணைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். "அவ இன்னும் கொஞ்சம் மெதுவாக் கட்டுவா."

பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையைக் கழற்றினேன். மறுபடி கட்டினேன், மெதுவாக.