காதுகுத்துப் படத்தில் நீ பிடித்திருந்த கேமரா

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத மனசு வரவில்லை. வயிறு எரிகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஒரகடம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். மாமன் வீட்டு முன்பக்கம் இடிபடுகிறது. சாமான்களை ஒழிக்கும்போது டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய படம் கிடைத்தது. வல்லக்கோட்டையில் எனக்குக் காது குத்திய அன்று கோயில் வாசல் போட்டோக்காரர் எடுத்தது. மொட்டைத் தலையோடு மாமன் மடியில் உட்கார்ந்து நான் அலறுகிறேன். ஓரத்தில் நீ கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறாய். உன் முகத்தில் பாதி அதற்குப் பின்னால் போய்விட்டது. அம்மா படத்தில் இல்லை. நீ பார்க்கிற பக்கம் நின்றிருப்பாள்.

அன்று மாமன் இரவல் கொடுத்த கேமராவில் பிலிம் ரோல் முழுக்க அம்மாவைத்தான் எடுத்தாயாம். கழுவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை என்றாராம் ஸ்டுடியோக்காரர். இரண்டே மாதத்தில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கல்யாணத்துக்கே போட்டோ எடுக்காத குடும்பம் நம்முடையது. அவள் முகம் ஒரு காகிதத்திலும் இல்லாமல் போயிற்று.

“மூடி போட்டிருந்தா உள்ள இருட்டா தெரியாதா? குடிச்சிட்டு வந்து புடிச்சிக்கீறான்” என்று மாமன் சொன்னதை ஊரே சொன்னது. அதுவரை நீ குடித்ததே இல்லை என்று மாமன் வீட்டு அத்தை இப்போதுதான் சொல்கிறாள். அப்புறம் குடித்தாய். மாமன் பேச்சு நிஜமாகிவிட்டது. அவர் வீட்டில் வளர்ந்த நானும் அதையே நம்பினேன்.

படத்தைச் செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில், போன் கேமராக்களைச் சோதிக்கிற என் லைனில், தினகரன் என்று ஒரு இன்ஜினியர். பழைய கேமரா சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் டீக்கடையில் காட்டினேன். உன் கையில் இருப்பது என்ன கேமரா என்று தெரிந்துகொள்ளும் ஆசை, வேறொன்றும் இல்லை.

விரலால் பெரிசுபண்ணிப் பார்த்தார். “முன்னாடி ரெண்டு ஜன்னல் தெரியுது பாரும்மா. இது ரேஞ்ச்பைண்டர். ஓரத்துல இருக்குற பெரிய ஜன்னல் வழியாதான் ஆளைப் பாக்கறது. சின்னது தூரத்தை சரிபண்ண. லென்ஸுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்ப மூடி போட்டிருந்தா?”

“எல்லாம் பளிச்சுனு தெரியும். இதை வச்சிருந்தவங்க ஒருவாட்டியாச்சும் ஏமாந்திருப்பாங்க. இதோ, இவரே ஏமாந்துகினுதான் இருக்காரு. லென்ஸ் இருக்குற எடத்துல வெள்ளையா எழுத்து தெரியுதில்ல? அது மூடி மேல இருக்குற கம்பெனி பேரு. யாரும்மா இவரு?”

“எங்கப்பா” என்றேன்.

நீ அதற்கு முன் எப்போதாவது வாங்கிப் பார்த்ததெல்லாம் தண்டலம் ஸ்டுடியோக்காரர் கேமராதானே. அதில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், மூடியிருந்தால் இருட்டு. இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருப்பாய். அம்மா பளிச்சென்று தெரிந்திருப்பாள், நீயும் எடுத்துக்கொண்டே இருந்திருப்பாய். என்ன நடந்தது என்று உனக்கே தெரியாமலா அப்பா செத்துப்போனாய்?

நேராக மாமனிடம் போய்ப் படத்தை நீட்டி, மூடி போட்டிருந்தாலும் இதில் ஆள் தெரியுமாமே என்று கேட்டேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தெரியும். வாங்குன புதுசுல நானே ஒரு ரோலு அப்படித்தான் வீணாக்குனேன்.”

“அப்புறம் ஏன் மாமா குடிச்சாருன்னு சொன்ன?”

“சொல்லிக்குடுக்காம கேமராவ நீட்னது நானு. எங்கக்கா மூஞ்சி போச்சுன்னு அல்லாரும் என்னைத்தான கேப்பாங்க? இன்னா பண்ண சொல்ற? போனவன் வந்து கேக்கப் போறானா, வுடு.”

விடவா? முப்பது வருஷமாக உன்னைத் தெருவில் தலைகுனிய வைத்த மனுஷன், சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே விடச் சொல்கிறார். சண்டாளன். அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தேனே என்று இருக்கிறது.

ஆனால் அவரை மட்டும் திட்டிவிட்டு நான் எங்கே போக? என் கல்யாணத்தில் மேடையேறி வந்து பக்கத்தில் நின்றாய். அன்று நீ குடிக்கவில்லை. புது வேட்டி, மடிப்புகூடக் கலையவில்லை. “நீ போட்டோவுல நிக்காத. எங்கம்மா மூஞ்சிய இல்லாம பண்ணவன் நீ” என்றேன். இறங்கிப் போய்ப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினாய். மாப்பிள்ளை வீட்டுச் சனம் சிலர் உன்னைச் சமையல் ஆள் என்று நினைத்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் உனக்கு முதல் தெவசம். சொந்தம் எல்லாம் வரும், மாமனும் முதல் வரிசையில் உட்காருவார். படையல் போடும் முன்னால், எல்லார் காதிலும் விழும்படி அவர் செய்ததைச் சொல்லப் போகிறேன். அதோடு நிறுத்திக்கொண்டு நல்ல பிள்ளையாகத் தப்பிக்க மாட்டேன் அப்பா. மேடையில் உன்னிடம் நான் சொன்னதையும், ஒரு வார்த்தை மாற்றாமல், என் வாயாலேயே சொல்வேன்.

உன்னிடம் ஒரு தடவைகூட என்ன நடந்தது என்று கேட்காத மகள்,
செல்வி