காலியாக விட்ட முதல் கட்டம்

மார்ச் 3
இவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. அதற்குள் கத்தல் முந்திக்கொள்கிறது. இன்று நடத்தைப் பயிற்சி தரும் பெண் வந்தாள். என் மகள் வயதுகூட இருக்காது.

"ஏன் கத்துறார் டீச்சர்?" என்று என்னைக் கேட்டாள்.

"கோபம்."

"கோபம்னு எப்படித் தெரியும்?"

"அதான் கத்துறாரே!"

"சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கறீங்க. மனசைக் காரணமா சொல்லிட்டா அதுக்கு மேல தேடவே மாட்டோம். வெளியில என்ன நடக்குதுன்னு எழுதுங்க."

மூன்று கட்டம் போட்ட தாள் தந்தாள்: முன்னால் நடந்தது, அவர் செய்தது, பின்னால் நடந்தது. முப்பத்தாறு வருடம் வகுப்பெடுத்தவளுக்கு வீட்டுப்பாடம்!

மார்ச் 5
மனசு கணக்கில் வராதாம். அப்படியானால் நாற்பத்தொரு வருடம் நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன் — சாவி கொடுத்தால் ஆடும் பொம்மையோடா?

மார்ச் 6
தொலைபேசியில் மகள்: "மாசக் கடைசிக்குள்ள கத்தறது குறையலைன்னா அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்மா. நீ தாங்க மாட்டே."

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மார்ச் 9
கத்தல்: பதினொன்று. முதல் கட்டம் காலி. முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. நான் பக்கத்திலேயே தானே இருந்தேன்?

மார்ச் 10
"ஒண்ணுமே நடக்காம ஒருத்தர் கத்துவாரா?" தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள் பயிற்சிப் பெண்.

"நான் என்ன, பொய்யா எழுதறேன்?"

"இல்ல டீச்சர். நீங்களும் அந்த ரூம்ல இருக்கீங்க. உங்களை எழுதலையே."

என்ன திமிர்! ஏதோ நான்தான் குற்றவாளி போல. வாசல் கதவை நானே திறந்துவிட்டேன், சீக்கிரம் போகட்டும் என்று.

மார்ச் 11
அவள் மூக்கை உடைக்கவேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதினேன்.

8.10 — "ப..." என்றார். "பாலா? பல் வலியா?" என்றேன். கத்தினார்.
10.40 — "அ..." என்றார். "அலமாரியா?" என்றேன். கத்தினார்.
1.15 — வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். கத்தினார்.

வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு அடியெடுத்துக் கொடுப்பேன். அதை அன்பு என்றே நினைத்திருந்தேன்.

மார்ச் 12
எழுதப் பிடிக்கவில்லை.

சோம்பேறி என்று நான் பட்டம் கட்டிய மாணவி ஒருத்தி நினைவில் வந்து நிற்கிறாள். எப்படித் தெரியும்? படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? சோம்பேறி. நானும் செக்குமாடு மாதிரி சுற்றியிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது இப்போது?

மார்ச் 30
மகள் வந்திருந்தாள்.

முன்னால்: "ஜ..." என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். முப்பத்தெட்டு வரை.

அவர் செய்தது: "ஜன்னல்" என்றார்.

பின்னால்: திறந்துவிட்டது மகள். இல்லத்து விண்ணப்பம் அவள் பையிலேயே திரும்பிப் போனது.