நீ ருசி பார்க்காத கறி

அம்மிணி,

வீட்டுக்குள் கருகிய கருப்பட்டி வாடை இன்னும் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் கருகியது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறேன். துணியை ஆவியில் அழுத்தித் தேய்க்கிற காலண்டரிங் மிஷினில் துணி தீய்ந்தால் ஒரு நெடி வருமே, அதற்குச் சொந்தக்கார வாடை இது. மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீ இருந்திருந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, கம்பெனியவே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டிருப்பாய்.

உன் படத்துக்கு முன்னால் நின்று பேசினால் நம் மகள் பயந்துகொள்கிறாள். அதனால்தான் எழுத்து. எனக்குக் கையெழுத்துக்கூட வராது என்பது உனக்குத் தெரியும். தேனிப் பக்கத்திலிருந்து வந்து அடுத்த வீட்டில் குடியிருக்கிற டெய்லர் பெண்ணிடம், நான் சொல்லச் சொல்ல எழுதித் தரக் கேட்டேன். அவள் என் பேச்சைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுகிறாள். பொறுத்துக்கொள்.

நீ போன மாசிக்குப் பிறகு எனக்குச் சோறு ஒரு வேலையாகிவிட்டது. காலையில் பேக்கரியில் ஒரு பன்னும் டீயும். மத்தியானம் பசித்தால் ஏதாவது. ராத்திரிக்கு அடுப்பைப் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும். இரண்டு பேரும் படுத்துவிடுவோம். இப்படியே இருந்து, ஒரு நாள் தாராபுரம் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ மகளுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

அவள் கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதிலும் ஒன்றுமில்லை.

"எப்பங்கப்பா கடைசியா ஒல வெச்சீங்க?"

"வெச்சுட்டுத்தான் இருக்கறேன் கண்ணு."

"அரிசி டப்பால சிலந்தி கூடு கட்டியிருக்குதுங்கப்பா. அதுகிட்டக் கேக்கட்டுங்களா?"

உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. அன்றைக்கே என் வேட்டி சட்டைகளைப் பையில் எடுத்து வைத்தாள். திருப்பூரில் அவள் வீடு நாலாவது மாடி. மாப்பிள்ளை நல்லவர், பேரப்பிள்ளைகள் பிரியமாக இருக்கிறார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே கதவெல்லாம் ஒரே நிறம், அம்மிணி. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது அங்கே தங்கியிருந்தேனே, அப்போது ஒரு நாள் கீழே போய்விட்டு வந்து வேறு யாருடைய கதவையோ தட்டிவிட்டேன். திறந்த பெண், "எந்தக் கொரியருங்க?" என்று கேட்டாள். இங்கே என்றால் எனக்குப் பலகை படிக்க வேண்டியதில்லை. பஸ்ஸை நிறத்தில் தெரியும், கடையை முகத்தில் தெரியும். அங்கே போனால் என்னை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். இந்த வயதில் அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

மாட்டேன் என்றேன். அவள் பையை மூடிக் கதவோரம் வைத்தாள்.

"சரிங்கப்பா. ஒரு நா ராத்திரிச் சோறு நீங்களே ஆக்கோணும். நான் பாக்கத் தட்டுல போட்டு உங்கோணும். புதன்கிழமை கம்பெனி உட்டதும் வர்றேன். இல்லீனா இந்தப் பையோட கெளம்போணும். அழுகக் கூடாது, சண்டை கட்டக் கூடாது."

எனக்கு என்ன ஆக்கத் தெரியும்? ரசம் வைக்கக்கூட நீ விட்டதில்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரே ஒரு சட்டிதான் ஞாபகம் வந்தது.

உன் பிறந்த வீட்டில் பன்றிக்கறி ஆகாது. மூலனூரிலிருந்து நீ வரும்போதே அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானோ நாள் முழுக்க ஆவிக்குள் நிற்கிறவன். நீராவி அடிக்கிற துணியைப் பிடித்துப் பிடித்து என் உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதிக்கும். கண் எரியும், உட்கார முடியாது. வெள்ளைப் பன்றிக்கறி தின்றால் சூடு தணியும் என்று மிஷினில் கூட நின்றவர்கள் சொன்னார்கள். நான் வாரம் ஒரு நாள் ரோட்டோரக் கடையில் தின்றுவிட்டு, சட்டையை வெளியே கழற்றிப் போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். ஒரு நாள் வயிறு கெட்டு ராத்திரி முழுக்கக் கிடந்தேன். விடிந்ததும், "கண்ட எண்ணெயில திங்காதீங்க. நானே ஆக்கித் தர்றனுங்க" என்றாய். "உனக்கு ஆகாதே" என்றேன். "திங்கத்தானுங்க ஆகாது. ஆக்கறதுக்கு ஆரு என்ன சொன்னாங்க?" என்றாய். உன் அப்பன் வீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு சந்து இருப்பது உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பின்வாசலில் மூன்று கல் கூட்டினாய். சந்தையில் ஓர் இரும்பு வடச்சட்டி வாங்கி, வீட்டுக்குள் வராமல் வெளிச்சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினாய். நீயும் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு, இருட்டிய பிறகுதான் கம்பெனி வேனில் வந்து இறங்குவாய். "சோறு வேகற நேரத்துல கறியும் வெந்துரோணும். அதுக்கு மேல என்னால நிக்க முடியாதுங்க" என்பது உன் ஒரே நிபந்தனை. தோலும் கொழுப்புமாக இருக்கிற கறி அவ்வளவு சீக்கிரம் வேகாது. கடைக்காரரிடம் கேட்டு, முதுகெலும்பை ஒட்டி உள்பக்கமாக ஓடுகிற சதையைக் கண்டுபிடித்தாய். ஒரு பன்றிக்கு இரண்டே இரண்டு துண்டு. கொழுப்பே இருக்காது. ஊரில் எல்லோரும் கொழுப்புக்காகவே வாங்குகிறவர்கள், அதனால் அதற்குப் போட்டியும் இல்லை.

நேற்று அந்தக் கடைக்குத்தான் போனேன். அப்பனுக்கு வயதாகி மகன் நிற்கிறார் இப்போது.

"உள்சதைங்களா? வெட்டித் தரட்டுங்களா, அப்படியே முழுசா வேணுங்களா?"

"முழுசாவே குடுங்க. எங்கூட்டுல எப்பவும் முழுசாத்தான் ஆக்குவாங்க. அப்பத்தான் சாறு உள்ளேயே நிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "சாறெல்லாம் இல்லீங்க ஐயா. உங்கூட்டு அம்மா எங்கப்பன்கிட்டச் சொல்லுவாங்க. வெட்டுனா ஊட்டு அருவாமணைல படும், கையில படும், அதனால முழுசாக் குடுங்கன்னு. எலைல இருந்து அப்படியே சட்டில தள்ளி உட்டுருவாங்களாமா. மூக்கைப் பொத்திக்கிட்டேதான் நிப்பாங்க, எங்க கடைல."

இத்தனை வருஷம் அந்தக் கறியைப் பற்றி மிஷின்காரர்களிடம் எவ்வளவு பெருமை பேசியிருப்பேன்! முழுசாக ஆக்கி, தட்டில் வைத்து நான் அரிந்து தின்பதுதான் அதன் பக்குவம் என்று. நீ அதைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கறியைத் தூக்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது.

யோசிக்க யோசிக்க, அந்தச் சட்டியில் இருந்ததெல்லாம் நீ தின்னாததால் வந்ததுதான். முதல் தடவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கொழுப்பில்லாத சதை, சட்டியோடு ஒட்டிக்கொண்டது. வெந்ததா இல்லையா என்று வாயில் போட்டுப் பார்க்க உனக்கு வழியில்லை. என்னைக் கூப்பிட்டாய், நான் குளித்துக்கொண்டிருந்தேன். பதறிப்போய்க் கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டாய். அது காப்பிக்கு வைத்திருந்த கருப்பட்டித் தண்ணி. சுருசுருவென்று பொங்கி, சுண்டி, கறியை ஒரு தோல் மாதிரி மூடிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் மினுமினுவென்று இருந்தது. "கல்யாணப் பொண்ணாட்ட மினுங்குதுங்க, வந்து பாருங்க" என்று சத்தம் போட்டாய். காரமும் இனிப்புமாக அந்த மாதிரிக் கறி நான் தின்றதில்லை. அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் புளித்தண்ணியும் சேர்த்துக்கொண்டாய், "வெறும் இனிப்புன்னா பலகாரமாப் போயிரும்" என்று. அதற்குப் பிறகு உனக்கு என் நாக்குத் தேவைப்படவில்லை. மினுக்கம்தான் கணக்கு. "மினுங்குனா எறக்கிரோணுங்க. அதுக்கு மேல வெச்சா உங்களாட்ட எறுகிப்போயிரும்."

உப்புக்கு மட்டும் கூப்பிடுவாய். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து என் உள்ளங்கையில் விடுவாய். கொஞ்சம் குறைகிறது என்று நான் ஒரு நாள் சொன்னதற்கு, "போன வாரம் போட்ட அளவுதானுங்க. உங்க நாக்குக்குத்தான் இந்த வாரம் சம்பளம் வல்லையாட்ட இருக்குது" என்றாய். அதன் பிறகு நான் குறை சொன்னதே இல்லை.

நேற்று எனக்கு வரிசை தெரியவில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, வரமிளகாய் எல்லாம் இடிப்பாய் என்பது தெரியும். இடிக்கிற சத்தத்தை இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். கருப்பட்டி எப்போது என்பது அந்த நேரத்தில் புத்தியில் ஓடவில்லை. முதலிலேயே போட்டுக் கரைத்துவிட்டு, அது சூடாகட்டும் என்று கறியைக் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் சட்டி புகைந்தது. சட்டியைச் சுரண்டிக் கழுவி, திரும்ப அடுப்பில் வைத்தேன். ஆறு மணி தாண்டியிருந்தது. மகள் கம்பெனியை விட்டுக் கிளம்பியிருப்பாள். வேட்டி சட்டைப் பை, அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, கதவோரம் இருந்தது. பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. பொய்யில்லை. சண்டை போடுகிற தெம்பு இல்லை, அம்மிணி.

சரி, கறி வாங்கியாகிவிட்டது, அதை என்ன செய்வது என்றுதான் மறுபடி அடுப்பை மூட்டினேன். மசாலைத் தடவி, மூடி போட்டு, திருப்பித் திருப்பி வேகவைத்தேன். நீ முதல் தடவை செய்ததை நினைத்துக்கொண்டு, கடைசியில் கருப்பட்டித் தண்ணியையும் புளியையும் ஊற்றினேன். நுரை பெரிதாக வந்தது, பிறகு சிறிதானது. கண் சரியாகத் தெரியாததால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மினுங்கியது. நீ சொன்னபடி இறக்கிவிட்டேன்.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். "சரியாத்தான் இருக்குது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆர்கிட்டங்கப்பா பேசறீங்க?" மகள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கறிகிட்டத்தான் கண்ணு."

அவள் உன்னைப் போலத்தான், வாயில் வைக்க மாட்டாள். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் தட்டில் சோறு போட்டு, கறியை வட்ட வட்டமாக அரிந்து வைத்தேன். பரீட்சை எழுதுகிறவனை வாத்தியார் பார்ப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. நேற்றுத் தெரிந்தது.

"சோறு கொழஞ்சு போச்சுங்கப்பா."

"பல்லில்லாதவனுக்குக் கொழஞ்சாத்தான் சோறு."

"கறி வெந்துதுங்களா?"

வெந்திருந்தது. ஓரத்தில் லேசாக இறுகல், நடுவில் பூ. உன் கறியைவிட இனிப்பு ஒரு பிடி கூடுதல். ஆனாலும் அதுதான். தட்டில் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். கோபத்தில் தின்றேனா, பசியில் தின்றேனா என்று தெரியவில்லை. நான் தின்று முடிக்கும்வரை அவள் போனைக்கூட எடுக்கவில்லை. கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, புகை என்றாள். அடுப்பு அணைந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

பிறகு எழுந்து போய்ப் பையைப் பிரித்தாள். வேட்டியையும் சட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். "நான் தோத்துட்டனுங்கப்பா. இங்கயே இருங்க. ஆனா தெனமும் போன் பண்ணுவேன்" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதே. களைப்பாக இருந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்த்த மாதிரி இடுப்பு விட்டுப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசல்வரை வந்தேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாளைக்கு என்னங்கப்பா ஆக்குவீங்க?"

ஏதோ பார்த்துக்கொள்ளலாம் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். வண்டி ரோட்டில் ஏறி மறைந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

ஒரு நாள் ராத்திரியைத்தான் நான் ஜெயித்திருக்கிறேன், அம்மிணி. இன்றைக்கு ஒரு ராத்திரி இருக்கிறது. நாளைக்கு இன்னொன்று. செக்கிங் மேஜைக்கு முன்னால் நிற்கும்போதும், வேனில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வரும்போதும், நீ தூங்குகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தக் கேள்விதான் உன் தலைக்குள் ஓடியிருக்கும். ஒரு நாள்கூட அதை நீ என் காதில் போட்டதில்லை. தட்டு முன்னால் வந்துவிடும்.

இப்போது அது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் பன் வாங்கப் போகவில்லை. அரிசி டப்பாவைத் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்தேன். முருங்கைக்காய் நான்கு வாங்கி வந்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.