இடது பக்கம் சுற்றும் அம்பு

நாத்தனாரே,

இன்று காலை வில்லுக்காரத் தம்பி வந்து இறகு மூட்டையைக் கொட்டிவிட்டுப் போனான். வான்கோழி இறகின் வாசனை உனக்குத் தெரியாததா? மழையில் நனைந்த சாக்கும் கோழிக்கூண்டும் ஒன்றாய்க் குடித்தனம் நடத்துகிற வாசனை. கொட்டகையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். வலது இறக்கையிலிருந்து வந்த இறகு என் பக்கம், இடது இறக்கையிலிருந்து வந்தது உன் பக்கம். கை அதுபாட்டுக்குப் பிரித்துப் போட்டுவிட்டது. முடித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது உறைத்தது.

குவியல் மட்டும் இருக்கிறது. நீ போன பிறகு வந்த இடது இறகெல்லாம் அங்கேயே சேர்ந்து கிடக்கிறது. நீ உட்கார்ந்தால் எவ்வளவு உயரமோ, இப்போது அவ்வளவு உயரம். நீ குள்ளம் என்பதால் சொல்கிறேன், பெரிய குவியல் என்று பயந்துவிடாதே.

தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, இனிமே லெப்ட் வேணாம்னு சொல்லிடட்டா? ரைட் மட்டும் வாங்கியாறேன். சும்மா கெடந்து பூச்சி வைக்குது பாரு."

"சாயங்காலம் வா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது கூரையில் செருகியிருக்கும் உன் அம்பை ஒரு பார்வை பார்த்தான். தொடாமல் போனான். நல்ல பிள்ளை.

நமக்கு ஏது வில்லும் அம்பும்? மழை மாதங்களில் உப்பளத்தில் தண்ணீர் நின்றால் நமக்கு வேலை கிடையாது. அந்தத் தம்பி குயிலாப்பாளையத்து முந்திரித் தோப்புக்குள் வெளியூர்க்காரர்களுக்கு வில் விடக் கற்றுக் கொடுக்கிறான். மூங்கில் குச்சி, இறகு, பசை எல்லாம் அவன் தருவான். ஒட்டிக் கொடுப்பது நாம். ஒரு அம்புக்கு மூன்று இறகு, மூன்றும் ஒரே பக்கத்து இறக்கையாக இருக்க வேண்டும். வலது இறகு அம்பை ஒரு பக்கம் சுழற்றும், இடது இறகு மறுபக்கம் சுழற்றும். கலந்தால் கெட்டது. எனக்கு வலது இறகுதான் கைக்கு வாகு. இடதை வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, "இங்க தள்ளு அண்ணி" என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டாய். அன்றிலிருந்து ஒரு வான்கோழிக்கு நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு இறக்கை.

ஒட்டுவதில் எல்லாம் சாய்வுதான். நேராக ஒட்டினால் அம்பு வேகமாகப் போகும், ஆனால் வாலை ஆட்டிக்கொண்டே போகும். அதிகம் சாய்த்தால் நன்றாகச் சுற்றும், ஆனால் பாதி வழியில் சோர்ந்து விழும். நான் இறகின் பின்முனையை ஒரு தீக்குச்சி கனத்துக்குத் தள்ளி ஒட்டுவேன். நீ எதையும் வைத்து அளந்ததே இல்லை. அம்பின் இரண்டு முனைகளையும் விரல் நுனிகளில் தாங்கிக்கொண்டு இறகின் மேல் ஊதுவாய். சோம்பலாகச் சுற்றினால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாய்.

"என்னாடி, அடுப்பா ஊதற?"

"அடுப்ப ஊதுனா பொக வரும். இத ஊதுனா துட்டு வரும். சும்மா இரு அண்ணி."

என் கல்யாணத்தில் மட்டும் நீ எனக்கு 'ங்க' போட்டுப் பேசினாய். உன் அண்ணன் தாலியில் ஒரு முடிச்சுப் போட்டார். மீதி இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டியது. நீ வந்து என் பின்னால் நின்றாய். உங்கள் அம்மா அந்த மேளச் சத்தத்திலும் கேட்கிற மாதிரி கத்தினார்கள்: "ஏய், சோத்தாங்கையால போடுடி! நல்ல காரியத்துல பீச்சாங்கைய நீட்டுது பாரு!" நீ என் காதருகே குனிந்து சொன்னாய்: "பின்னாடி யாருக்குத் தெரியப்போவுது? அசையாதீங்க அண்ணி." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைகுனிந்து வெட்கப்படுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு கயிறு மாற்றும் நாளில் அந்த முடிச்சை அவிழ்க்க வந்த பெண்கள் எல்லாரும் தோற்றுப் போனார்கள். இடக்கை முடிச்சு. உன்னைத்தான் கூப்பிட்டு அனுப்ப வேண்டியிருந்தது.

சாப்பிடுவதும் எழுதுவதும் மட்டும் உனக்கு வலது கை. அந்த இரண்டையும் உங்கள் அம்மாவும் பள்ளிக்கூடத்து டீச்சரும் அடித்தே மாற்றிவிட்டார்கள். உப்பு வாரியது, கூடை தூக்கியது, தொட்டில் ஆட்டியது, இறகு ஒட்டியது எல்லாம் இடது கை.

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பாண்டி ஆஸ்பத்திரியில் சொன்னபோது கூட நீ கலங்கவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாகக் கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்கள். உன் அண்ணன் மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது தையல் முடிந்து உட்கார்ந்திருந்தாய். கட்டு உன் இடது கையில் இருந்தது.

"ஏண்டி, இந்தக் கையிலயா போட்டாங்க? கேக்கலியா?"

"கேட்டாங்களே. எந்தக் கையால எழுதுவீங்கன்னு அந்த நர்சு பொண்ணு நல்லாத்தான் கேட்டுச்சு. சோத்தாங்கையாலன்னு சொன்னேன். நெசந்தான அண்ணி?"

நிஜம்தான். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதாத கையில்தான் தைப்பார்கள், அந்தக் கை இனிமேல் பாரம் தூக்கக் கூடாது. அது அப்போது நமக்குத் தெரியாது. நீ எப்போதாவது ஒரு கையெழுத்துப் போடுவாய், அதையும் கோணலாகப் போடுவாய். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கையெழுத்துப் போடற கையக் காப்பாத்திட்டு, சோறு போடற கையக் குடுத்துட்டியேடி!"

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. நானும் கஞ்சித் தூக்கைத் திறப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கை வளையலை எல்லாம் வலது கைக்கு மாற்றினாய். தையல் போட்ட இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடும். "வண்டு புடிச்சு அடைச்சு வச்சிருக்கேன், தொட்டுப் பாரு" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். ஆனால் விரல்கள் சில்லென்று ஆகிவிட்டன. இறகைப் பிடித்தால் நழுவியது.

கையில் தைப்பதற்கு முன்னால் இரண்டு இறகு ஒட்டி வைத்திருந்த அம்பு ஒன்று மிச்சம் இருந்தது. மூன்றாவதை வலது கையால் ஒட்டிப் பார்த்தாய். அது எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டது. எப்போதும் போல் விரல் நுனியில் தாங்கி ஊதினாய். ஊதுவதற்கே உனக்கு மூச்சு வாங்கியது. அம்பு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நடுங்கிவிட்டு நின்றது.

"மாமியாரும் மருமவளும் மாதிரி இழுத்துக்குது பாரு" என்று அந்த இறகைப் பிய்த்தாய். "ரெண்டோட இருக்கட்டும். கை வரட்டும், அப்பறம் ஒட்டறேன். நீ தொடாத, உன் சாய்வு வேற."

கூரையில் செருகினாய். கை வரவில்லை. மழை விட்டு, அளத்தில் பாத்தி மிதிக்க ஆள் கூப்பிட வந்த அன்று நீ இல்லை.

தொடாதே என்றாய், தொடவில்லை. பல்லி ஓடியது, ஒட்டடை அடைந்தது, அப்போதும் தொடவில்லை. இன்று அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டதும்தான் எழுந்து எடுத்தேன். உன் குவியலிலிருந்து ஒரு இறகு. என் வலது கையால் வைத்தால் என் சாய்வுதான் வருகிறது. அதனால் அம்பை வலது கையில் பிடித்துக்கொண்டு, பசை தடவிய இறகை இடது கையில் எடுத்தேன். முதல் இறகு கோணி மடங்கியது. அடுத்தது என் புடவையில் ஒட்டிக்கொண்டது. நீ இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பாய். எத்தனை இறகு பாழானது என்று கேட்காதே. கடைசியில் ஒன்று உட்கார்ந்தது. உன் இரண்டு இறகும் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே.

பசை காய்ந்த பிறகு உன்னைப் போலத் தாங்கி ஊதினேன். சுற்றியது. இடது பக்கமாக, உன் பக்கமாக, நான் ஊதுவதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம்.

சாயங்காலம் தம்பி வந்தான். "லெப்டும் கொண்டா. லேட்டாவும், திட்டாத" என்றேன். தலையாட்டிவிட்டு அம்புக்குக் கை நீட்டினான். அதைத் தரவில்லை. பழைய இடத்திலேயே செருகிவிட்டேன்.

விரலில் பசை காய்ந்து தோல் போல ஒட்டியிருக்கிறது. உரிக்க மனம் வரவில்லை.

அன்று என் கழுத்தில் உன் அண்ணன் ஒன்று போட்டார், மீதி இரண்டை நீ போட்டாய். இந்த அம்பில் இரண்டு நீ போட்டது. மீதி ஒன்றை நான் போட்டிருக்கிறேன் நாத்தனாரே. பீச்சாங்கையால்தான் போட்டேன்.