பால்கனியில் கேட்ட கச்சேரி

அன்புள்ள தாளக்காரிக்கு,

இரண்டு நாள் ஆழ்ந்து யோசித்து, சனிக்கிழமை நீலச் சட்டை அணிவதென்று முடிவெடுத்தேன். வரலாற்றில் இடம்பெற வேண்டிய முடிவு. நம் அபிமான ராக் குழு மேடையேறினால் நாம் இருவரும் நீலம்தானே போடுவோம்? அணிந்தும் விட்டேன்.

கச்சேரியில் உன் பக்கத்து இருக்கையில் எனக்குப் பதில் என் கணவர் வந்து உட்கார்ந்ததும் திகைத்திருப்பாய். கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அவர் அன்று மதியம்தான் கண்டுபிடித்தார். டிக்கெட் வீணாகக் கூடாதே! என் பாதுகாப்புக்காக வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் கிளம்பினார். என் ஃபோன் பழுதுபார்க்கப் போய் நான்கு மாதமாகிறது. அதனால் உனக்குச் சொல்ல முடியவில்லை.

மைதானம் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால்தான் என்பது உனக்குத் தெரியும். நீலச் சட்டையோடு பால்கனியில் நின்று முழுக் கச்சேரியையும் கேட்டேன்.

திரும்பி வந்தவர், "செம கச்சேரி! டிரம்ஸ்காரன் பின்னிட்டான், ஒரு தப்பு இல்ல" என்றார்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பதினைந்து வருட ரசிகைக்கு வாய் சும்மா இருக்குமா?

"நாலாவது பாட்டுல அவன் தாளத்தையே விட்டுட்டானே! பாடுறவதான் சிரிச்சு சமாளிச்சா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பால்கனில நல்லாக் கேட்டுச்சு."

"அப்படியா" என்றார். கோபமே இல்லை.

பாடகியின் அந்தச் சிரிப்பை நீயும் கவனித்திருப்பாய்.

இந்தக் கடிதம் தச்சரின் கருவிப் பையில் வருகிறது. பால்கனிக் கதவை மூடிப் பலகை அடிக்க என் கணவர் அவரை வரவழைத்திருக்கிறார். பாதி அடித்தாகிவிட்டது.

உன் பக்கத்து இருக்கைக்காரி